கொலஸ்ட்ரால் மாத்திரை: ஆபத்து எங்கே இருக்கிறது

2001 ஆகஸ்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் தன் கொலஸ்ட்ரால் மாத்திரை ஒன்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதன் பெயர் செரிவாஸ்டாட்டின். விற்பனைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை இழைகள் சிதைந்தன. சிதைந்த தசையிலிருந்து கசிந்த புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்தது. உலகெங்கும் 52 மரணங்கள் இந்த மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. கொலஸ்ட்ரால் மாத்திரை என்றாலே இன்றும் பலருக்கு எழும் பயத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஆனால் அந்த மரணங்களைக் கூர்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அமெரிக்காவில் பதிவான 31 மரணங்களில் 12 பேர், செரிவாஸ்டாட்டினோடு ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மற்றவர்களில் பலர் மிக உயர்ந்த அளவில் மாத்திரை எடுத்தவர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ஸ்டாட்டின் மருந்துகள் அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டாகக் கோடிக்கணக்கானவர்களிடம் புழங்கிவருகின்றன. செரிவாஸ்டாட்டினில் கண்ட அளவுக்குத் தசைச் சிதைவு அவற்றில் காணப்படவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு ஆராய்ச்சி தரும் விடையும் இதையொட்டியே இருக்கிறது. ஆபத்தில் பெரும்பகுதி மாத்திரைக்கு வெளியே இருக்கிறது. அளவிலும், கூடச் சேரும் மற்ற மருந்துகளிலும், யாரையும் கேட்காமல் நாமாக நிறுத்துவதிலும் அது ஒளிந்திருக்கிறது.

மருந்து வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடலே அதைத் தயாரிக்கிறது, முக்கியமாகக் கல்லீரலில். அந்தத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் அதிக ஏற்பிகளை நிறுத்தி, இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களை, அதாவது நாம் கெட்ட கொழுப்பு என்று சொல்வதை, உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. சாங்கியோ நிறுவனத்தில் ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து 1970களின் தொடக்கத்தில் அவர் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. 2024இல் காலமானார். பல லட்சம் உயிர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

அந்தக் கடனின் அளவு தெரிந்தால்தான் ஆபத்தை எடைபோட முடியும். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேர் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஐந்தரை ஆண்டுகளில் வெற்று மாத்திரைக் குழுவில் 256 பேரும் மருந்துக் குழுவில் 182 பேரும் இறந்தார்கள். மரணத்தில் 30 சதவீதக் குறைவு. பின்னர் 26 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 1,70,000 பேரின் தரவுகளை ஆக்ஸ்ஃபோர்டு, சிட்னி ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். எல்.டி.எல். ஒவ்வொரு 39 மி.கி. குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைகின்றன என்பது அதன் முடிவு.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்பது எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர், நாற்பதைக் கடந்த சர்க்கரை நோயாளி, பரம்பரையாகவே எல்.டி.எல். 190க்கு மேல் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்பதால் பலனும் அதிகம். புகைபிடிக்காத, இரத்த அழுத்தம் சரியாக உள்ள, எல்.டி.எல். சற்றே கூடிய முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் பலன் சிறியது. அவர் முதலில் நடைக்கும் தட்டுக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். எழுபத்தைந்தைத் தாண்டி, இதய நோயே இல்லாத ஒருவருக்குப் புதிதாகத் தொடங்குவதற்கான சான்று மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. அங்கே மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காமல் இருப்பதும் பாதுகாப்புதான்.

இதன் மறுபக்கம் நம் ஊரில் தினமும் நடக்கிறது. ஆய்வகம் தரும் அறிக்கையில் எல்.டி.எல். எண்ணுக்கு எதிரே "100க்குக் கீழே" என்றோ "130க்குக் கீழே" என்றோ இயல்பளவு அச்சிடப்பட்டிருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் தன் எண் 95 என்று பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடுகிறார். அந்த அச்சிட்ட எண் அவருக்கானதே அல்ல. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மிக அதிக ஆபத்தில் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்க வேண்டும். அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 70. மற்றவர்களுக்கு 100. தன் இலக்கு எது என்று ஒவ்வொரு நோயாளியும் தன் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண் குறைந்தது மாத்திரையால்தான். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

இனி தசை வலி. இந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது இதுதான்: "கால் வலி தாங்கலை." அந்த வலி உண்மை. அதைக் கற்பனை என்று சொல்கிற எந்த மருத்துவரும் நோயாளிக்கு நியாயம் செய்யவில்லை. கேள்வி, அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதுதான். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாமல், மருத்துவருக்கும் தெரியாமல் நடந்த 19 ஆய்வுகளின் தரவு 2022இல் லான்செட் இதழில் வந்தது. பங்கேற்றவர்கள் சுமார் 1,24,000 பேர். ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலி என்றார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேரும் அதையே சொன்னார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு எப்படியும் கை கால் வலிக்கிறது! மருந்தால் வந்த கூடுதல் வலி பெரும்பாலும் முதல் ஆண்டில்தான் தெரிந்தது. அந்த ஆண்டிலும் வலி என்று சொன்ன பதினைந்து பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே மாத்திரை காரணமாக இருந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த சாம்சன் என்ற சோதனை இன்னும் ஆழமாகப் போனது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் அடோர்வாஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாதம் ஒரு புட்டி. வரிசை மட்டும் மாறி மாறி வரும். தினமும் தங்கள் உபாதைக்கு நூற்றுக்கு எத்தனை என்று கைபேசியில் மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வந்தது மருந்திலிருந்து அல்ல, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து. அவரவர் வரைபடத்தை அவரவரிடமே காட்டியபோது, அந்த அறுபது பேரில் பாதிப்பேர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். அது நோயாளியைப் பொய்யராக்கவில்லை. அவர் உடலின் சாட்சியத்தையே அவர் கையில் கொடுத்து முடிவை அவரிடம் விட்டது.

அப்படியானால் மாத்திரையால் வரும் உண்மையான தசைத் தொல்லையை எப்படி அடையாளம் காண்பது? அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல வரும். தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களுக்குள் வரும். நிறுத்தினால் இரண்டு வாரங்களில் தணியும். மீண்டும் தொடங்கினால் திரும்பும். ஒரு முழங்காலில் மட்டும் வலி, ஒரு தோள் மட்டும் தூக்க முடியவில்லை, இடுப்பிலிருந்து ஒரு கால் வழியே இறங்கும் வலி என்றால் காரணம் வேறு. மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்து போன ஊர்களில் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலியையும் இந்த மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தால் அதுவே தசை வலியைத் தரும், கொலஸ்ட்ராலையும் ஏற்றும், ஸ்டாட்டினின் தசைத் தொல்லையையும் பெருக்கும். ஆகவே வலி என்று வருகிறவருக்கு ஒரு தைராய்டு சோதனை அவசியம்.

சி.கே. என்ற இரத்தச் சோதனை தசைச் சிதைவைக் காட்டும். ஜிம்மில் பளு தூக்கிய மறுநாளோ, தசையில் ஊசி போட்டுக்கொண்ட பிறகோ எடுத்தால் அது தானாகவே ஏறியிருக்கும் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இயல்பின் உச்சவரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். எண்ணெல்லாம் தெரியாவிட்டாலும் ஒரு அடையாளத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: கடுமையான தசை வலி அல்லது எழுந்து நிற்க முடியாத பலவீனம், கூடவே கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர். அன்று மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மிக அரிது. பத்தாயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் ஏறத்தாழ ஐந்து பேருக்குக் கடும் தசை நோய் வரலாம் என்பது 2016இல் லான்செட்டில் வெளியான விரிவான மதிப்பீடு. ஏற்கெனவே இதய நோய் உள்ள அதே பத்தாயிரம் பேரிடம் எல்.டி.எல்.லை நன்றாகக் குறைத்தால், அதே காலத்தில் சுமார் ஆயிரம் பேரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றிலிருந்து காக்க முடியும் என்பதும் அதே மதிப்பீடுதான். இதைவிட அரிதாக, ஸ்டாட்டினுக்குப் பின் உடலின் எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் பலவீனம் கூடிக்கொண்டே போனால் நரம்பியல் நிபுணரைப் பார்க்கத் தயங்கக் கூடாது.

இந்த அரிய ஆபத்து பெரும்பாலும் தனியாக வருவதில்லை, துணையோடு வருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரே நொதி உடைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதியை முடக்கும் வேறு மருந்து உள்ளே போனால் ஸ்டாட்டின் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் பல மடங்கு குவியும். 20 மி.கி. சாப்பிட்டவர் உண்மையில் அதைவிடப் பல மடங்கு சாப்பிட்டது போலாகிவிடும்.

அந்த முடக்கும் மருந்துகள் அரிதானவை அல்ல. நம் தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பவை. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் கிருமிக்காக ஒன்று அல்லது இரண்டு வாரம் சாப்பிடச் சொல்லும் மருந்துத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் இருக்கும். படர்தாமரை இன்று தமிழ்நாட்டில் எளிதில் அடங்குவதில்லை. அதற்கு இட்ராகொனசோல் மாத்திரையை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் போகிறவர் தான் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்வதில்லை. அரிப்புக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார். இட்ராகொனசோலோடு சிம்வாஸ்டாட்டின் சேரவே கூடாது. அடோர்வாஸ்டாட்டின் என்றால் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். எரித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், வெராப்பமில், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், உறுப்பு மாற்று செய்தவர்களுக்கான சைக்ளோஸ்போரின், சில எச்.ஐ.வி. மருந்துகள், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாத வலிக்குக் கொடுக்கும் கோல்சிசின் எல்லாம் கவனம் வேண்டிய பட்டியலில் உள்ளவை. மிகச் சாதாரணமான அம்லோடிபின் கூட சிம்வாஸ்டாட்டினோடு சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஜெம்ஃபைப்ரோசிலின் கதையை முன்பே சொன்னேன். டிரைகிளிசரைடு குறைக்க ஸ்டாட்டினோடு இன்னொன்று சேர்க்க வேண்டுமென்றால் மருத்துவர்கள் இப்போது ஃபெனோஃபைப்ரேட்டையே தேர்கிறார்கள்.

இதற்கெல்லாம் வழி உண்டு. கிளாரித்ரோமைசினுக்குப் பதில் வேறு ஆன்டிபயாட்டிக் தரலாம். அசித்ரோமைசினுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அந்த நொதியைச் சாராத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம். சில நாள் சிகிச்சை என்றால் அதுவரை ஸ்டாட்டினை நிறுத்திவைத்து, முடிந்ததும் தொடரச் சொல்லலாம். இவை மருத்துவர் எடுக்கும் முடிவுகள். அவர் எடுக்க வேண்டுமானால் நாம் சொல்ல வேண்டும். தொண்டை வலிக்கு மருந்துக்கடைக்காரரிடமே கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கும் பழக்கம் கிருமிகளை வலுப்படுத்துவதோடு நிற்பதில்லை. கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது நேரடி ஆபத்து.

இன்னொரு துணை நாமே அறியாமல் நுழைவது. இந்தியச் சந்தையில் அடோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரின், ரோசுவாஸ்டாட்டினோடு குளோபிடோக்ரெல், ஸ்டாட்டினோடு ஃபெனோஃபைப்ரேட் என்று கூட்டு மாத்திரைகள் நிறைய. பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதய மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரையில் ஒரு ஸ்டாட்டின், சர்க்கரை மருத்துவர் எழுதிய சீட்டில் இன்னொரு ஸ்டாட்டின். இரண்டையும் இரவு ஒருசேர விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை வாங்கும்போது அந்தப் பெயரும் காலாவதி நாளும் கத்தரிப்பில் போய்விடுகின்றன. காசு குறைவென்றாலும் பெயர் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

பழங்களில் கிரேப்ஃப்ரூட் அந்த நொதியைக் குடலில் முடக்கும். நம் ஊரில் அது அபூர்வம். ஆனால் அதன் தாய்ப்பழமான பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள் உண்டு. வழக்கமான ஆரஞ்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில எதிர்ப்புச் சாறு ரோசுவாஸ்டாட்டின் உடலில் சேர்வதைப் பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அடோர்வாஸ்டாட்டினை வலுவிழக்கச் செய்யும்.

"இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று விற்கப்படும் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்புக்கு நல்லது என்று உலகெங்கும் விற்கும் சிவப்புப் பூஞ்சை அரிசியில் மொனாகோலின் கே என்ற பொருள் இருக்கிறது. அது வேதியியல்படி லோவாஸ்டாட்டினேதான். அதாவது பக்கவிளைவுக்குப் பயந்து மாத்திரையை விட்டவர், அளவு தெரியாத அதே மருந்தை அதிக விலைக்கு வாங்குகிறார். 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் அந்த அரிசியில் செய்த தன் பொருட்களைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். வேறொரு பூஞ்சையின் நச்சு அதில் கலந்திருந்தது. அரசின் மருந்துத் தரச் சோதனைக்குள் வராத பொருளில் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிவதில்லை.

அளவு பற்றி. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை, எல்.டி.எல். இன்னும் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும், அவ்வளவுதான். அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்.டி.எல்.லை 35 முதல் 40 சதவீதம் குறைக்கும் என்றால் 80 மி.கி. 50 முதல் 55 வரை குறைக்கும். பக்கவிளைவோ அளவோடு சேர்ந்து ஏறும். சிம்வாஸ்டாட்டின் 80 மி.கி.யைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் அறிவித்தது தசைச் சேதத்தால்தான். ரோசுவாஸ்டாட்டின் ஜப்பானியர், சீனர் போன்ற கிழக்காசியர் இரத்தத்தில் வெள்ளையரைவிடச் சுமார் இரு மடங்கு சேர்கிறது. இந்தியர் இரத்தத்தில் சுமார் 1.3 மடங்கு. ஆகவே அமெரிக்காவில் ஆசியருக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஆசியருக்கு 40 மி.கி. கொடுப்பதில்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ வெள்ளையர் எந்த அளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து நாம் பின்பற்ற முடியாது. மாரடைப்பு வந்த முதல் மாதங்களில் உயர்ந்த அளவு தேவைப்படலாம். அதைத் தாங்காதவருக்கு, குறைந்த அளவு ஸ்டாட்டினோடு எசெடிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பது நல்ல வழி. எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் உண்டு. தசைக்குள் அது செயலூக்கம் பெறுவதில்லை. ஸ்டாட்டின் தாங்காத சுமார் 14,000 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் அது பெரிய இதய நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது.

சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நாட்டில் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது. ஸ்டாட்டின் சர்க்கரையைக் கூட்டுமா? கூட்டும், சிறிதளவு. 2010இல் 13 ஆய்வுகளைத் தொகுத்ததில் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 9 சதவீதம் கூடியது தெரிந்தது. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதே 255 பேரில் ஐந்து பேருக்கு இதய நிகழ்வு தவிர்க்கப்படும். உயர்ந்த அளவில் ஆபத்து இன்னும் அதிகம். இப்படிச் சர்க்கரை நோய்க்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்றவர்கள். ஆகவே மாத்திரை தொடங்குமுன் எச்.பி.ஏ.1.சி. என்ற சர்க்கரைச் சோதனையைப் பார்ப்பதும், பிறகு ஆண்டுக்கொருமுறை பார்ப்பதும் போதும். சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர் இந்தக் காரணத்துக்காக ஸ்டாட்டினை விடுவது தவறான கணக்கு. அவருக்குத்தான் இதயத்தைக் காக்கும் தேவை மிக அதிகம்.

கல்லீரலைப் பற்றிய பயம் பெரும்பாலும் பழையது. தொடங்குமுன் ஒருமுறை நொதிச் சோதனை, பிறகு அறிகுறி இருந்தால் மட்டும் என்று அமெரிக்காவில் 2012இலேயே மாற்றிவிட்டார்கள். கொழுப்புக் கல்லீரல் இருப்பது தடையல்ல. மஞ்சள் காமாலை, முற்றிய கல்லீரல் சுருக்கம் ஆகியவை தடை. அன்றாடம் குடிப்பவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஞாபக மறதி பற்றிய புகார்கள் உண்டு. ஆனால் வயதானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் வெற்று மாத்திரைக் குழுவுக்கும் மருந்துக் குழுவுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை.

கர்ப்பம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனெனில் முப்பதுகளிலேயே சர்க்கரையும் கொழுப்பும் கண்டுபிடிக்கப்படும் பெண்கள் பெருகிவிட்டார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர் ஓரிரு மாதம் முன்பே ஸ்டாட்டினை நிறுத்த வேண்டும். பாலூட்டும் காலத்திலும் வேண்டாம். தெரியாமல் கர்ப்பமாகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பதறிக் கருக்கலைப்பு வரை போக வேண்டியதில்லை. தெரியாமல் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் பிறவிக் குறை கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

நேரத்தைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். சிம்வாஸ்டாட்டினை இரவில் எடுப்பது நல்லது, அது உடலில் சில மணி நேரமே தங்கும். அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் உங்களுக்கு மறக்காத எந்த வேளையிலும் எடுக்கலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரும் தொற்று என்று உடல் வற்றிக் கிடக்கும் நாட்களில் சிறுநீரகம் தளரும். அப்போது தற்காலிகமாக நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

கடைசியாக, நிறுத்துவதன் ஆபத்து. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இரண்டு கட்டுரைகள், ஸ்டாட்டின் எடுப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு என்று எழுதின. அந்தக் கூற்று தவறு என்று 2014இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் செய்தி பரவிவிட்டது. அந்தச் சர்ச்சையைத் தொடர்ந்த ஆறு மாதங்களில் பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். டென்மார்க்கில் 6,74,900 பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், ஸ்டாட்டினைப் பற்றிய எதிர்மறைச் செய்திகள் வந்த காலங்களில் நிறுத்துகிறவர்கள் கூடினார்கள். சீக்கிரமே நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு 26 சதவீதமும் இதய நோய் மரணம் 18 சதவீதமும் அதிகமாக இருந்தன. இது பதிவுகளை வைத்து எழுதிய ஆய்வுதான். நிறுத்தியவர்கள் வேறு பழக்கங்களிலும் அக்கறை குறைந்தவர்களாக இருந்திருக்கலாம். என்றாலும் சோதனை முடிவுகளோடு அது ஒத்துப்போகிறது. இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் "ஸ்டாட்டின் மோசடி" காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்கள் நினைவுக்கு வந்து மனம் பதறுகிறது.

தமிழக அரசு இந்த மாத்திரையின் மதிப்பை அறிந்தே செயல்படுகிறது. 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் 14 மாத்திரைகள் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, மீதி எட்டும் 10 மி.கி. அடோர்வாஸ்டாட்டின். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. வாசலுக்கு வரும் அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களின் கையில் இன்னும் ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: ஒவ்வொரு நோயாளியும் சாப்பிடும் எல்லா மருந்துகளின் மூலப்பெயரும், அவருக்கான எல்.டி.எல். இலக்கும், எந்த மருந்தோடு எது சேரக் கூடாது என்பதும் தமிழில் எழுதிய ஒரு சீட்டு. செலவு ஒரு தாளின் செலவுதான்.

அந்தச் சீட்டு வரும்வரை நீங்களே அதைச் செய்யலாம். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும் தோல் மருத்துவராக இருந்தாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரணமும் சத்து மாத்திரையும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புதிதாக எழுதும் மருந்து என் கொழுப்பு மாத்திரையோடு சேருமா என்று கேளுங்கள். கால் வலித்தால் நிறுத்துவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யுங்கள்.